ஓட்டை இருக்குங்க, பாஸ்

வாங்க, உக்காருங்க. போனைக் கவுத்து வைங்க. நரம்பியல் பிரிவுக்குப் புதுசா வந்திருக்கிற டாக்டர்களுக்கு நாலு நல்ல வார்த்தை சொல்லுங்கம்மான்னு உங்க தலைமை டாக்டர் கூப்பிட்டிருக்காரு. ரிட்டயர் ஆனவளைக் கூப்பிட்டா சாதனையெல்லாம் பேசுவான்னு நம்பிட்டாரு போல. பாவம். நான் பேசப்போறது நான் எழுதுன ஒரு சர்டிபிகேட்டைப் பத்தி. மொத்தமே நாலு வரி. சந்தேகமே இல்லாம, ஒரு அடித்தல் திருத்தல் இல்லாம எழுதுனேன். அதை வெச்சு ஒரு நேர்மையான மனுசனைத் திருடன்னு செவுத்துல ஒட்டிட்டாங்க.

ஒருநாள் காலைல ஓ.பி.க்கு ஒரு பொண்ணு அவ அப்பாவைக் கூட்டிட்டு வந்தா. மண்ணரைங்கிற ஊர்ல ஊடு. பொண்ணு பேரு சுகந்தின்னு வெச்சுக்கங்க, அப்பா பேரு சென்னியப்பன். ரெண்டுமே நான் வெச்ச பேருதான். ரெண்டு பேருக்கும் ஒரே பனியன் கம்பெனியில வேலை. அவ ஆபீஸ்ல. அவரு ஃபைனல் செக்கிங்குக்கு இன்சார்ஜ். தச்சு முடிச்ச துணி பெட்டிக்குள்ள போறதுக்கு முன்னாடி கடைசியாப் புரட்டிப் பாத்து, பாஸா ரிஜெக்டான்னு சொல்ற ஆளு.

"என்னம்மா தொந்தரவு?"ன்னு கேட்டேன்.

"எங்கப்பா நல்லவராயிட்டாருங்க டாக்டரம்மா."

நான் சிரிச்சுட்டேன். நர்ஸும் சிரிச்சுது. சென்னியப்பன் எங்க ரெண்டு பேரையும்விடச் சத்தமாச் சிரிச்சாரு. அந்தப் பொண்ணு மட்டும் சிரிக்கல. நான் அதைக் கவனிச்சிருக்கோணும்.

விசயம் என்னன்னா, மனுசன் இருபத்தஞ்சு வருசமா மகா முசுடு. குறை இருக்கிற எடத்துல ஒட்டறதுக்குச் சிவப்பு அம்புக்குறி ஸ்டிக்கர் இருக்கும். அவரு மேசைக்குப் போன பீஸெல்லாம் அம்மை போட்ட ஒடம்பாட்டத் திரும்பி வரும்னு தைக்கிறவங்க சொல்லுவாங்களாம். வெளிய தச்சுக் குடுக்கிற ஜாப் ஒர்க் யூனிட்டுக்குப் போனா அங்க பச்சைத்தண்ணி குடிக்க மாட்டாரு. ஊட்டுல இருந்தே பாட்டில் கொண்டு போவாரு. ஒரு டீ குடிச்சாக்கூட அடுத்த வாரம் அவன் என் மூஞ்சியப் பாப்பான், நான் அவன் மூஞ்சியப் பாக்க முடியாதுன்னு சொல்லுவாராம்.

அப்பேர்ப்பட்டவரு இப்ப எல்லாத்தையும் சிரிச்சுட்டே பாஸ் பண்றாரு. தைக்கிற பொண்ணுகளுக்கு ஒரே கொண்டாட்டம். ஜிலேபின்னா உசுரை விடறாரு, யாரு குடுத்தாலும் வாங்கித் திங்கறாரு. தாராபுரத்துல ஒரு எழவு ஊட்டுக்குப் போய், செத்தவரோட தம்பி தோள்ல கையைப் போட்டுட்டு, "சோறு எத்தனை மணிக்குங்க?"ன்னு கேட்டிருக்காரு. சுகந்தி ஒவ்வொண்ணாச் சொல்லச் சொல்ல நான் கதை கேக்கிற மாதிரி கன்னத்துல கை வெச்சுட்டுக் கேட்டுட்டிருந்தேன்.

பரிசோதனை பண்ணுனேன், இல்லைன்னு சொல்ல மாட்டேன். தேதி, கிழமை, மூணு வார்த்தை ஞாபகம், கடிகாரம் வரையறது, நூத்துல இருந்து ஏழு ஏழாக் கழிக்கிறது, எல்லாம். கழித்தல்ல அவரு எனக்கு முன்னாடி போயிட்டாரு, நான் விரல் விட்டு எண்ணிப் பின்னாடியே ஓடுனேன். நான் தொண்டைக்கு மேசை மேல வெச்சிருந்த மிட்டாய் டப்பாவை எடுத்து, கேக்காம கொள்ளாம ஒவ்வொண்ணா வாயில போட்டுட்டே பதில் சொன்னாரு. டப்பா காலி. எனக்குக் கோவம் வரல. எவ்வளவு வெள்ளந்தியான மனுசன்னு நினைச்சேன். வியாதி என் மேசை மேலயே கையை நீட்டி மிட்டாய் எடுத்துத் திங்குது, நான் அதைப் பாத்துப் பல்லைக் காட்டிட்டு உக்காந்திருக்கேன். இந்த லட்சணத்துல எனக்குப் பேரு ஸ்பெஷலிஸ்ட்.

அவருக்கு ஐம்பத்தெட்டு முடிஞ்சிருந்தது. வேலை நீட்டிப்புக்குக் கம்பெனியில ஃபிட்னஸ் கேட்டிருந்தாங்க. ஞாபகசக்தி, அறிவுத்திறன் எல்லாம் நல்ல நிலையில உள்ளது, பணிக்கு முழுத் தகுதி உள்ளவர்னு எழுதிச் சீல் வெச்சுக் குடுத்தேன். அதோட விட்டேனா? "வயசானா சில பேரு கனிஞ்சுருவாங்கம்மா. சந்தோசமாக் கூட்டிட்டுப் போ"ன்னு உபதேசம் வேற. அவ பேப்பரை மடிச்சு வெச்சுட்டுப் போயிட்டா.

நான் கேட்ட கேள்வியெல்லாம் அவருக்குத் தெரியுமா தெரியாதாங்கிற ஒரே கேள்விதான். தெரிஞ்சதுக்கப்புறம் அந்த விசயம் அவருக்கு ஒரு பொருட்டா இருக்குதான்னு நான் கேக்கவே இல்ல. அதுக்கு என்கிட்ட ஃபாரமும் இல்ல.

நாலு மாசம் கழிச்சு சுகந்தி திரும்ப வந்தா. கூட அப்பாவும் அம்மாவும். அவ அழுவான்னு எதிர்பார்த்தேன். அழுகல. போனை என் முன்னாடி வெச்சா. ஒரு நோட்டீஸோட போட்டோ. வெளியாளிடம் ஆதாயம் பெற்றுக்கொண்டு, குறையுள்ள பீஸ்களைப் பாஸ் செய்த காரணத்தால் சென்னியப்பன் வேலையிலிருந்து நீக்கப்படுகிறார்.

நடந்தது இதுதான். துணி வாங்கற வெளிநாட்டுக் கம்பெனி சார்பா வந்த இன்ஸ்பெக்டர் பத்துப் பெட்டியைப் பிரிச்சிருக்காரு, பத்துலயும் ஓட்டையும் கறையுமா இருந்திருக்குது. ஷிப்மென்ட் நின்னுபோச்சு. யாரு பாஸ் பண்ணுனதுன்னு பாத்தா சென்னியப்பன். ஒருகாலத்துல பச்சைத்தண்ணி தொடாத மனுசன், அதே ஜாப் ஒர்க் யூனிட்டுல உக்காந்து பொட்டி பொட்டியா ஜிலேபி தின்னதைப் பாத்த கண்ணு அம்பது. அப்புறம் என்ன, முடிவு பண்ணிட்டாங்க.

"மேனேஜர்கிட்டச் சொன்னனுங்க, அப்பாவுக்கு என்னமோ ஆயிப்போச்சு, அவரு இப்படி இல்லைன்னு. அவரு ஃபைலைத் தொறந்து உங்க சர்டிபிகேட்டை எடுத்துக் காட்டுனாருங்க. டாக்டரே புத்தி நல்லாத் தெளிவா இருக்குன்னு எழுதியிருக்காங்க, அப்ப தெரிஞ்சேதான் பண்ணியிருக்காருன்னாருங்க. அந்த நோட்டீஸ் கைரேகை வெக்கிற மெஷினுக்குப் பக்கத்துலயே ஒட்டியிருக்குதுங்க. தெனமும் அதைப் பாத்துட்டுத்தான் நான் வெரலை வெக்கோணும். பின்னாடி முந்நூறு பேரு நிக்கிறாங்க. நான் வேலைய விட்டுட்டா ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிருமுங்களே, அதனால போயிட்டுத்தான் இருக்கறனுங்க."

நல்லாத் திட்டியிருந்தா வாங்கிட்டு இருந்திருப்பேன். இவ்வளவு மரியாதையாச் சொன்னதைத்தான் தாங்க முடியல. சென்னியப்பன் என் புது மிட்டாய் டப்பாவைத் தேடிட்டிருந்தாரு.

அன்னைக்கு மத்தியானச் சாப்பாடு போச்சு. அம்மாவைத் தனியா, பொண்ணைத் தனியா உக்கார வெச்சு, ஒவ்வொரு மாத்தமும் எப்ப ஆரம்பிச்சுதுன்னு கேட்டேன். அதைத்தான் முதல் தடவையே கேட்டிருக்கோணும். ஸ்கேன்ல மூளையோட முன்பக்கம் வத்திப்போய்க் கெடந்தது. ஞாபகம் சேத்து வெக்கிற பகுதி அனேகமா நல்லா இருந்தது. முன்மூளைத் தேய்வு. மறதியே இல்லாம மனுசனை மாத்திப்போடற டிமென்ஷியா.

சுகந்திக்கு விளக்கிச் சொன்னேன். நரம்பு செல்லுக்குள்ள சரக்கு போறதுக்கு நீள நீளமாப் பாதை இருக்கு. அந்தப் பாதை பிரிஞ்சுறாமப் பிடிச்சு நிக்கிறது டாவ்னு ஒரு புரதம். மெட்ராஸ்ல டாவுன்னா காதலாம், அங்க படிச்ச பசங்க பேரைக் கேட்டுச் சிரிப்பீங்க, சிரிச்சுட்டு வாங்க. அந்த டாவ் சில பேருக்கு என்ன காரணத்தாலயோ பாதையை விட்டுக் கழண்டு, ஒண்ணோட ஒண்ணு பின்னிச் சிக்காகிரும். பாதை இடிஞ்சு செல் செத்துப்போகும். சிக்கு பக்கத்துச் செல்லுக்கும் பரவும்.

"நூல் சிக்கு மாதிரிங்களா?"

"அதேதான். ஆனா எங்க சிக்காகுதுங்கிறதுதான் முக்கியம். ஞாபகம் இருக்கிற எடத்துல சிக்குனா மறதி. ஆல்சைமர்ல நடக்கிறதுல பாதி அதுதான். கீழ, கண்ணையும் நடையையும் நடத்தற எடத்துல சிக்குனா ஆளு பின்னாடி சாஞ்சு விழுவாங்க. உங்கப்பாவுக்கு முன்னாடி. கூச்சம், கவலை, ரோசம், அடுத்தவன் என்ன நினைப்பான்ங்கிற பயம், எல்லாம் குடியிருக்கிற எடம்."

டாவ்தான்னு அடிச்சுச் சொல்ல மாட்டேன்னும் சொன்னேன். இதே கோலத்தை வேற ஒரு புரதமும் போடும், உசுரோட இருக்கிறப்ப எதுன்னு பிரிச்சுச் சொல்றது கஷ்டம். தனக்கும் வருமான்னு கேட்டா. சொந்தத்துல வேற யாருக்கும் இப்படி இல்லைங்கிறதால வாய்ப்பு கம்மி, ஆனா வரவே வராதுன்னு எழுதித் தர மாட்டேன்னேன். ஏற்கனவே எழுதித் தந்த அழகு தெரியுமே. குணமாக்க மருந்து இல்லை, ஜிலேபியைப் பூட்டி வெக்கலாம், அவ்வளவுதான்னேன். எல்லாத்தையும் கேட்டுட்டு, "சரிங்க, இதை மேனேஜர்கிட்ட வந்து சொல்லுங்க"ன்னா.

போனேன். மேனேஜர் தெக்கத்திக்காரர், திருநெல்வேலிப் பக்கம். காபி குடுத்து, மரியாதையா உக்கார வெச்சு, என் புது ரிப்போர்ட்டை ஒரு தடவைக்கு ரெண்டு தடவை படிச்சாரு. அப்புறம் பழைய சர்டிபிகேட்டை எடுத்துப் பக்கத்துல வெச்சாரு.

"தப்பா நெனைக்காதீய டாக்டர். ரெண்டும் உங்க கையெழுத்துதான். மொதல்ல நல்லாருக்காருன்னு எழுதுனிய. வேலை போனப்பொறவு மூளை சுருங்கிட்டுன்னு எழுதுதிய. நான் எதை நம்பட்டும்?"

எனக்குச் சுருக்குன்னு கோவம் வந்துருச்சு. என்னைக் காசுக்கு எழுதுறவள்னு சொல்றியான்னு கேக்க வாயைத் தொறந்துட்டேன். அப்புறம்தான் உறைச்சுது. அவர் கேட்டதுல என்ன தப்பு? அவரு எடத்துல நான் இருந்தாலும் அதைத்தான் கேப்பேன். என் பேப்பருக்கு அந்த ரூம்ல மதிப்பு போயிருச்சு. ஸ்கேன் படத்தைக் காட்டுனா அவருக்கு அது கறுப்பு வெள்ளை முட்டைக்கோஸ். அவருக்குப் புரியற பரிசோதனை ஒண்ணே ஒண்ணுதான்.

"பத்துப் பீஸ் எடுங்க. எதுல என்ன குறைன்னு நீங்களே பாத்து எழுதிப் பாக்கெட்டுல வெச்சுக்கங்க, எங்கிட்டக்கூடக் காட்ட வேண்டாம். அவரைச் செக் பண்ணச் சொல்லுங்க. இதே ரூம், கதவு சாத்தி. வெளிய யாரும் பாக்கக் கூடாது"ன்னேன்.

சொல்லிட்டேனே தவிர எனக்கே அது சரியாப் படல. வேலை போன மனுசனைக் கூப்பிட்டு உக்கார வெச்சு வேடிக்கை காட்டறது டாக்டர் பண்ற வேலையா? அன்னைக்குன்னு பாத்து அவரு பழையபடி கறாரா ரிஜெக்ட் பண்ணிட்டா அந்தப் பொண்ணு கதி என்ன? அவரு சம்சாரத்துகிட்டப் போய்க் கேட்டேன். நீங்க வேண்டாம்னா வேண்டாம்னேன். அந்தம்மா ரொம்ப யோசிக்கல. "பைத்தியம்னு சொன்னாலும் தாங்கிக்குவனுங்க. திருடன்னு மட்டும் வேண்டாமுங்க."

மறுநாள் காலைல நாங்க அஞ்சு பேரு. மேசை மேல பத்துக் குழந்தைப் பனியன். சென்னியப்பன் எல்லாருக்கும் வணக்கம் வெச்சாரு, மேனேஜர் டிபன் பாக்ஸைத் தொறந்து மோந்து பாத்தாரு, அப்புறம் உக்காந்தாரு. பீஸ் கைக்கு வந்ததும் கை தானா வேலைய ஆரம்பிச்சுது. கழுத்தைப் பிரிச்சு, கைக்குள்ள விரலை விட்டு, உள்பக்கம் திருப்பி, மடிப்பை இழுத்து. ஒரு பீஸுக்கு அரை நிமிசம்கூட ஆகல.

"கழுத்துல ஊசிக்கோடு ஓடுதுங்க. பாஸ்."

"அக்குள்ள தையல் விட்டிருக்குது. பாஸ்."

"இது எண்ணெய்க் கறை. தொடச்சிருக்கான், போகல. பாஸ்."

நாலாவதைத் தூக்கி வெளிச்சத்துல பிடிச்சாரு. "ஓட்டை இருக்குங்க. பாஸ்."

மேனேஜர் பொறுக்க முடியாம, "அண்ணாச்சி, ஓட்டைன்னு நீங்களே சொல்லுதிய. பொறவு எப்படிப் பாஸ்?"ன்னாரு.

"இருந்துட்டுப் போகுதுங்க. காத்தாட்டமா இருக்கும்."

சுகந்தி அம்மா கையைப் பிடிச்சுட்டு நின்னுட்டிருந்தா. நான் தலையைக் குனிஞ்சுட்டேன். சிரிப்பு வந்துருச்சு, அவங்க முன்னாடி சிரிக்கக் கூடாதில்ல. எட்டாவது பீஸ்ல அவரு கொஞ்சம் நிதானிச்சாரு. "ரெண்டு கையும் ஒரே நெறம் இல்லைங்க. வேற ரோல் துணிய வெச்சுத் தச்சுட்டாங்க." மேனேஜர் பாக்கெட்டுல இருந்து சீட்டை எடுத்துப் பாத்தாரு. எட்டாவது குறையில்லாத பீஸ்னு எழுதி வெச்சிருந்தாரு. பனியனை ஜன்னலுக்குக் கொண்டுபோய் முன்னாடி பின்னாடி திருப்பிப் பாத்தாரு. ரொம்ப நேரம் திரும்பி வரவே இல்ல.

"பாஸ்"னு சொல்லிட்டு சென்னியப்பன் டிபன் பாக்ஸைத் தொறந்து ஒரு இட்லியை எடுத்து வாயில போட்டாரு.

மேனேஜர் வந்து அவருக்கு எதுக்க உக்காந்தாரு. "அண்ணாச்சி, இதே மாதிரி ஒரு நெற வித்தியாசத்தை விட்டுருங்கன்னு நான் ஒருநாள் கெஞ்சுனேன். அதுக்கு ஒரு மாசம் எங்கிட்டப் பேசாம இருந்திய. ஞாபகம் இருக்கா?"

"இருக்குதுங்களே. ஆடி மாசம்," இட்லியோட சொன்னாரு. "பேசியிருக்கலாமுங்க. பெரிய விசயமா அது?"

மேனேஜர் என்னைப் பாத்தாரு. கண்ணு செவந்திருந்தது. "காசு வாங்குனவன் ஓட்டையை மறைப்பான் டாக்டர். இவரு ஊருக்கே கேக்கச் சொல்லிட்டுல்லா பாஸ் போடுதாரு."

அதுதான் கண்ணுகளா டயக்னோசிஸ். அதைச் சொன்னது நான் இல்ல. அவரு கீழ வேலை செஞ்ச பொண்ணுகளும் இதையே தெனம் கேட்டிருக்காங்க. அந்தக் கறார் மனுசனே பாஸ்ங்கறப்ப, கம்பெனியே கண்டிசனைத் தளத்தி விட்டுருச்சு போலன்னு நினைச்சு மடிச்சுப் பெட்டியில போட்டிருக்காங்க.

மேனேஜர் எந்திரிச்சு, "நோட்டீஸைக் கிழிச்சுருதேன்"னாரு.

"கிழிச்சாப் பத்தாதுங்க," சுகந்தி சொன்னா. அன்னைக்கு அவ பேசுன முதல் பேச்சு அது. "ஒட்டுனதை முந்நூறு பேரும் படிச்சாங்க. கிழிச்சதை யாரும் படிக்க மாட்டாங்க. அதே எடத்துல வேற ஒண்ணு ஒட்டோணும்."

மேனேஜர் தலையைச் சொறிஞ்சாரு. கம்பெனி தப்புன்னு எழுத முதலாளி ஒத்துக்க மாட்டாரு. அப்புறம் மூணு பேரும் மெதுவா என் பக்கம் திரும்புனாங்க. சென்னியப்பன் மட்டும் சட்னியப் பாத்துட்டிருந்தாரு.

அந்தக் கம்பெனி ஆளுங்கள்ல பாதிப் பேரு என் பேஷண்ட்டு. பாதிப் பேரோட அப்பன் ஆத்தாளும் என் பேஷண்ட்டு. அத்தனை பேரு நின்னு படிக்கிற எடத்துல என் தப்பை என் கையெழுத்துலயே ஒட்டோணும். வக்கீலைக் கேட்டா கூடாதும்பாரு. ஆஸ்பத்திரியக் கேட்டா வேண்டவே வேண்டாம்பாங்க. நான் யாரையும் கேக்கல, கேட்டா எழுத மாட்டேன்னு தெரியும். எனக்கு அசிங்கமாத்தான் இருந்துச்சு, மறைக்கிறதுக்கு என்ன. வியாதி பேரை எழுத மாட்டேன்னு மட்டும் சொன்னேன். அது அவங்க ஊட்டு விசயம். பேப்பர் வாங்கி எழுதுனேன்.

சென்னியப்பன் அவர்கள் நல்ல நிலையில் இருக்கிறார் என்று நான் கொடுத்த சான்றிதழ் தவறானது. அப்போதே அவருக்கு நோய் இருந்தது. அவருடைய மகள் சொன்னார், நான் கேட்கவில்லை. அவர் செய்தது நோயால் நேர்ந்தது, எந்த ஆதாயத்துக்காகவும் அல்ல.

மேனேஜர் படிச்சுட்டு, "டாக்டர் தப்புன்னா முதலாளி உடனே ஒட்டச் சொல்லிருவாரு"ன்னாரு. கொஞ்சம் சந்தோசமாவே சொன்ன மாதிரி இருந்தது.

ஓ.பி.யில கூட்டம் கொறையும்னு பயந்துட்டிருந்தேன். அடுத்த வாரமே ரெண்டு மடங்கு. "எங்க ஊட்டுக்காரரும் திடீர்னு நல்லவராயிட்டாருங்க, பாருங்க"ன்னு ஒருத்தி. பாத்தேன். அவரு நிசமாவே குடியை விட்டிருந்தாரு. இன்னும் நாலு வருசம் இப்படியே இருந்தா எங்கிட்ட வரவே வேண்டாம்னு அனுப்பி வெச்சேன். ஆனா வந்ததுல ரெண்டு பேருக்கு நிசமாவே வியாதி ஆரம்பிச்சிருந்தது. அதுக்கப்புறம் நான் ஒரு பேஷண்ட்டையும் ஊட்டாளுங்களைத் தனியா உக்கார வெச்சுக் கேக்காம அனுப்புனதில்ல. நீங்களும் கேளுங்க. அவங்க சொல்றது சிரிப்பா இருந்தா இன்னும் ரெண்டு கேள்வி கூடக் கேளுங்க.

அந்தப் பேப்பர் ஒட்டுன மறுநாள் காலைல நடந்ததை சுகந்தியே எங்கிட்டச் சொன்னா. வழக்கம்போல வரிசை. யாராவது விரல் வெக்க ஒரு நொடி தாமதம் பண்ணுனா, பின்னாடி இருக்கிறவங்க சத்தம் போட்டு ஊரைக் கூட்டுவாங்க, ஒரு நிமிசம் பிந்துனா அரை நாள் சம்பளம் போயிருமே. அவ முறை வந்துச்சு. விரலை வெச்சா. மெஷின் எடுக்கல. கண்ணைத் தொடச்ச கை, ஈரமா இருந்திருக்குது. சுடிதார்ல தொடச்சுட்டுத் திரும்ப வெச்சா. எடுக்கல. மணி ஆயிட்டிருக்குது. பின்னாடி முந்நூறு பேரு, ஒரு சத்தம் இல்ல.

அவளுக்கு அடுத்து நின்ன அயர்னிங் செக்சன் அக்கா மட்டும் மெல்லச் சொன்னாளாம், "பதறாம வை கண்ணு. நாங்க நிக்கிறோம்."